உட்பக்கம் வைத்த பொட்டு

மிஷின் ஓடுகிறது, உரசு. நின்றுவிட்டது, நிறுத்து. சண்முகவேல் பெடலை மிதிக்கும்போது மட்டும்தான் என் கையிலிருக்கும் உப்புத்தாள் கத்தரியின் மேல் போகலாம், அவன் கால் நின்றால் என் கையும் நின்றாக வேண்டும், இல்லையென்றால் இந்தச் சர் சர் அவன் காதுக்குப் போய்விடும், கண்ணில் புரை விழுந்த பிறகு அவன் காது எறும்பு தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கிற காதாகிவிட்டது. புரை விழுந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் தெரியாதவனாகவே இருந்துகொண்டிருக்கிறேன், இந்த ஊரில் லாசர் டெய்லருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள், ஆனால் இவன் நம்புகிறான். ஓடுகிறது, உரசு. நீளவாக்கில், அலகின் அடியிலிருந்து நுனியைப் பார்த்து, குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போயிற்று, கீறல் விழும், கீறலில் நூல் மாட்டும். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கத்தரி, கத்தரியின் மேல் துண்டு, பார்க்கிறவர்களுக்கு இந்தக் கிழவன் மடியில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருக்கிறான் என்று தோன்றும். தோன்றட்டும். நேற்று ஆயுதபூஜை. கடை எங்கள் இருவருக்கும் பொது, மாதா படமும் முருகன் படமும் ஒரே ஆணிக்கு இரண்டு பக்கமாகத் தொங்குகின்றன, பூஜை மட்டும் அவன் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் கத்தரியை மூடிவைத்து, பிடியில், கருப்புப் பெயின்ட் அடித்த வளையத்தில், சந்தனமும் குங்குமமும் வைப்பான். பெயின்ட்டை ஈரம் ஒன்றும் செய்யாது. இந்த வருஷம் என்ன தோன்றியதோ, கத்தரியை அகலத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான், "உம்ம ஆளுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் வே, சிலுவை மாதிரி வச்சிருக்கேன் பாரும்" என்றான். பார்த்தேன். சிலுவை மாதிரிதான் இருந்தது. சிலுவை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, உமக்குப் பாவமன்னிப்பு பாதிதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். செவ்வந்திப் பூ மேலே கிடந்தது. பூவுக்கு அடியில் பொட்டு எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

இன்று காலையில் கற்பூரம் காட்டி, பூவை எடுத்து, துணியால் பொட்டைத் துடைத்து, இரண்டு கையாலும் கத்தரியைத் தூக்கி என்னிடம் கொடுத்தான், பிடியும் வே, இந்த வருஷம் நல்லா வெட்டும் என்று. வாங்கிக்கொண்டேன். துடைத்த இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது. உட்பக்கம், இரண்டு அலகும் முகத்தோடு முகம் உரசிப் போகிற பக்கம், அதில் நட்ட நடுவில். நிறுத்து, நின்றுவிட்டது, நூல் அறுந்திருக்கும் அவனுக்கு. மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பொட்டைப் பார்க்கிறேன். ஓரத்தில் மஞ்சள், உள்ளே வரவரச் செங்கல், நடுவில் கருப்பு. ஓரம் வட்டமாக நிற்கவில்லை, மயிரிழை மயிரிழையாக வெளியே ஓடியிருக்கிறது, உதிக்கிற சூரியனை ஒரு பிள்ளை வரைந்தால் எப்படி வரையுமோ அப்படி. ஒரே ராத்திரியில். யார் வரைந்தது இதை? கப்பல் பாய்க்கான கித்தானை வெட்டியிருக்கிறது இந்தக் கத்தரி, துரைமார் காலத்துக் கம்பளிக் கோட்டை வெட்டியிருக்கிறது, ஒருமுறை கிரேக்கக் கப்பலின் கேப்டன் ஒருவனுக்குக் கால்சட்டை அளவெடுத்தபோது அவன் நிழலும் சேர்ந்து வெட்டுப்பட்டு, பாவம் அவன் நிழல் முழங்காலோடு நின்றபடி கொழும்புக்குப் போனான் என்று நானே பலபேரிடம் சொல்லியிருக்கிறேன், அப்பேர்ப்பட்ட இரும்புக்குள் விரல்நுனி அளவு ஈரச் சந்தனம் கேட்காமல் புகுந்து உட்கார்ந்துகொண்டது. துரு பிடித்திருக்கிறது என்கிறோம். பேய் பிடிக்கிறது, மழை பிடிக்கிறது, ஒருத்திக்கு ஒருத்தனைப் பிடிக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. இரும்புக்கு ஈரத்தைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதானோ விஷயம். நாம் நடுவில் எண்ணெய்த் துணியோடு நின்று வேண்டாம் வேண்டாம் என்கிறோம். இந்த ஊர்க் காற்று சும்மா இருக்குமா, வாயைத் திறந்தால் நாக்கில் உப்பு, கதவுக் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, எதையும் விடாது. உப்பளத்து கேட் ஒன்றைப் பற்றி நான் சொல்லுவேன், கேட்டின் இரும்பெல்லாம் எப்போதோ துருவாய் உதிர்ந்து போய்விட்டது, வருஷா வருஷம் அடித்த பச்சைப் பெயின்ட் மட்டும் கேட் உருவத்தில் நின்றது, வாட்ச்மேன் தினமும் அந்தப் பெயின்ட்டுக்குத்தான் பூட்டுப் போட்டுவிட்டுத் தூங்கினான், ஒருநாள் காக்கை வந்து உட்கார்ந்தது, அதோடு சரி. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வராது. பெயின்ட் மட்டும் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே. ஓடுகிறது, உரசு.

இவ்வளவு பயம் எதற்கு என்றால் எமரன்சிக்காக. இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவாள். கன்னியர் மடத்து லேஸ் கூடத்தில் கொக்கி ஊசியோடு வளர்ந்தவள், சீமையில் யார் யாரோ கல்யாணத்துக்குப் போடுகிற கவுனுக்கெல்லாம் இவள் கையால் பூப் போயிருக்கிறது. நாற்பதை எட்டப்போகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், பலகாரம் தின்றார்கள், போனார்கள். அவள் வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் தனக்கென்று ஒன்றைப் பின்னிக்கொண்டே இருந்தாள், கல்யாணம் வரும் என்று தெரிந்தா பின்னினாள், இல்லை, வந்தாலும் வராவிட்டாலும் என்றுதான், மீன் வலை அகலத்துக்கு அது வளர்ந்துவிட்டது. போன மாசம் ஒருத்தர் வந்தார், படகு இன்ஜின் மெக்கானிக், மனைவியை இழந்தவர், பலகாரத்தைத் தொடாமல் அந்த லேஸையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார். லேஸையா பிள்ளையையா என்று கேட்டு வரச்சொன்னேன், எமரன்சி சிரித்து சிரித்து இருமினாள். அந்த லேஸைத்தான் இன்று அவள் கல்யாண உடுப்புக்கு வெட்ட வேண்டும். வெட்டுகிற நாளைக் குறித்ததும் சண்முகவேல்தான், விஜயதசமிக்கு வெட்டினால் துணி பேசும் மவளே என்றான், அவளும் சரி மாமா என்றுவிட்டாள். வெட்டவேண்டிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் அவளே கைத்தையல் ஓட்டிக் கட்டி வைத்திருக்கிறாள். கட்டினாலும் லேஸ் லேஸ்தான். ஒரு கண்ணி மாட்டி இழுபட்டால் பக்கத்துக் கண்ணி, அதற்குப் பக்கத்துக் கண்ணி என்று ஓடும், ஓட ஆரம்பித்தால் நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், மறுபடி பின்ன அவளுக்கு இன்னொரு இளமை வேண்டும். வேறு கத்தரி எடுத்தால் என்ன? எடுக்கலாம். சண்முகவேலின் கத்தரி காக்கி வெட்டி வெட்டிப் பல் போனது. ஃபேன்சி ஸ்டோரில் தொங்குகிற ஸ்டெயின்லெஸ் கத்தரி துரு பிடிக்காதுதான், ஆனால் அது வெட்டாது, மெல்லும், கிழட்டு ஆடு துணியை மெல்லுகிற மாதிரி. சாணைக்காரனிடம் கொண்டுபோகலாம், விஜயதசமி, அவன் கடைக்கும் பூட்டு. வேறு நாளைக்கு வா என்று அவளிடம் சொல்லலாம். ஏன் என்று சண்முகவேல் கேட்பான். நீர் வைத்த பொட்டு என்று சொல்ல வேண்டும். எங்கே வைத்தேன் என்பான். கண் தெரியாமல் உட்பக்கம் வைத்துவிட்டீர் என்று என் வாயால் எப்படிச் சொல்லுவேன், கருப்பு வளையம் என்று நினைத்துப் பளபளப்பான அலகில் வைத்திருக்கிறான், கருப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் போய்விட்டதா வே உமக்கு. நின்றுவிட்டது. நிறுத்து.

மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பொறுத்திருந்தேன், அது மஞ்சளைத் தூக்கிவிட்டது. செங்கல்லை உப்புத்தாள் எடுக்கிறது. புதுத் தாள் ஆகாது, தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆன பழைய துண்டு, அதைத் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைச் சுற்றி மடித்துச் சமதளமாக்கிக்கொண்டேன், விரலால் அழுத்தினால் குழியும். உப்புத்தாள் என்று யார் பெயர் வைத்தானோ, உப்பு கொண்டுவந்ததை உப்புத்தாள்தான் எடுக்கிறது. துணியால் துடைத்தால் துணியில் சிவப்பாக ஒரு தூசி, அதை மூக்குக்குக் கொண்டுபோனேன், ரத்த வாசனை. சின்ன வயசில் பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவினால் வருமே அந்த வாசனை. நம் ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லுவார்கள், அப்படியென்றால் உள்ளே ஓடுகிற இந்தச் சிவப்பெல்லாம் என்ன, நாம் எல்லோரும் மெதுவாகத் துரு பிடித்துக்கொண்டா நடமாடுகிறோம், ஐயோ, எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது, கன்னம் சிவக்கிறது, உதடு சிவக்கிறது. ஓடுகிறது, உரசு, மெதுவாக. இப்போது கருப்பு மட்டும் மிச்சம். அதுதான் எமன். கருப்பு என்றால் துரு மேலே இல்லை, உள்ளே இறங்கிக் குழி தோண்டியிருக்கிறது என்று அர்த்தம். குழியின் ஆழத்துக்குச் சுற்றிலும் தேய்த்தால் அந்த இடத்தில் அலகே பள்ளமாகிவிடும், இரண்டு அலகும் அங்கே சந்திக்காது, நூல் நடுவில் மடங்கி உட்காரும். தேய்க்காவிட்டால் குழியின் உதடு நூலைக் கடிக்கும். எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது, கொஞ்சம் அதிகமானாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஒரு பொட்டுப் பஞ்சைப் பிய்த்து அலகின் மேல் இழுத்துப் பார்த்தேன். அடியில் வழுக்கிப் போகிறது, நடுவுக்கு வரும்போது ஒரு இழை நின்றுவிடுகிறது. நின்று, காற்றில் ஆடுகிறது. எடுத்துவிட்டு மறுபடி உரசி மறுபடி இழுத்தேன். ஒரே ஒரு இழை, அதே இடத்தில், அங்கே யாரோ சின்னதாக ஒரு கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிற மாதிரி. கத்தரியை முழங்காலில் ஊன்றிக்கொள்கிறேன். பஞ்சை ஆட்டுவது என் கையா, ஃபேன் காற்றா. கத்தரிக்கு என்ன வயசு என்று கேட்பவர்களுக்கு எல்லாம் வேறு வேறு சொல்லியிருக்கிறேன், பங்குச்சாமியாரிடம் உடைந்த கப்பலில் கரை ஒதுங்கியது என்றேன், சண்முகவேலிடம் கல்கத்தாவில் சூதாடி ஜெயித்தது என்றேன், உண்மை எது என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை, ஆனால் ஒரு நாளும் இதை நனைய விட்டதில்லை. வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைத்து, மிஷின் எண்ணெய் தொட்ட மல் துணியால் இரண்டு பக்கமும் தடவி, டப்பாவில் ஒரு கற்பூரக் கட்டியும் சாக்கட்டித் துண்டும் போட்டு மூடுவேன், கற்பூரம் காற்றைப் பார்த்துக்கொள்ளும், சாக்கட்டி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, அது பிசுக்காகி ஊரிலுள்ள தூசியை எல்லாம் கூப்பிட்டுக் குடிவைக்கும். இவ்வளவு செய்தும் சாமிக்கு என்று எடுத்து வைத்த ஒரு ராத்திரியில் வந்துவிட்டது. கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. அந்தப் பொட்டைப் பார்த்தால் கோபம் வர மாட்டேன் என்கிறது. எண்ணெயைத் துடைத்தாக வேண்டும் இப்போது, ஒரு சொட்டு இருந்தாலும் லேஸில் இறங்கும், சாக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கி அலகில் தூவித் துடைக்கிறேன், வெள்ளைத் தூள் அந்தக் குழியில் மட்டும் தங்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

வந்துவிட்டாள். செருப்பை வாசலில் விடும்போதே, மாமா, இன்னைக்கு என்ன புது கதை என்று கேட்டாள். மிஷின் நின்றது. பொட்டலத்தைப் பிரித்து வெட்டு மேஜையில் லேஸை விரித்தாள், விரிக்க விரிக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு இடத்தில் மீன் செதில் மாதிரி, ஒரு இடத்தில் அலை நுரை மாதிரி, இதைப் பின்னிய சாயங்காலங்களில் இந்தப் பெண் என்னென்ன நினைத்திருப்பாள், ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒன்றை முடிந்து வைத்திருப்பாள், அந்த நினைப்பையெல்லாம் நூலால் அல்லவா கட்டியிருக்கிறாள், மேஜையின் பழைய மரம் அதற்கு அடியில் கருப்பாக நின்றது. கத்தரியை மேஜையில் வைத்தேன். பிறகு சொன்னேன். கத்தரியில் துரு ஏறியிருக்கிறது மவளே, உட்பக்கம் குழி விழுந்திருக்கிறது, உன் லேஸை மாட்டி இழுத்துவிடும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் முழு உண்மையைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, அந்தத் துருவுக்குள்ள காக்கா வந்து உக்காந்துச்சா மாமா என்றாள். கேட் கதையை அவளிடமும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. சிரித்தாள். ஊர் முழுக்கச் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து என் ஒரு உண்மைக்கு முன்னால் நின்று வழியை மறித்தது. வெட்டுங்க மாமா, சாமியார் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இனி நிறுத்த முடியாது என்றாள். நுனியை மட்டும் வைத்து வெட்டலாம். பொட்டு நடுவில்தானே இருக்கிறது, நுனியால் எலி கொறிக்கிற மாதிரி துளித்துளியாகப் போனால் நடு அலகு லேஸைத் தொடவே தொடாது. பக்கவாட்டை அப்படி வெட்டினேன். கிச், கிச், கிச். என் வாழ்நாளில் இப்படி வெட்டியதில்லை, புதுசாகப் பழகுகிற பையனைப் போல, என் வெட்டு நீளமாக, மணலில் படகை இழுக்கிற சத்தத்தோடு போகும், அந்தச் சத்தத்தை வைத்தே என்ன துணி என்று சொல்லுவான் சண்முகவேல். கிச், கிச். அவன் மிதிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவசரமாக ஒரு கதையை எடுத்துவிட்டேன், இந்த மாதிரி லேஸை நீளமாக வெட்டினால் அது வலி தாங்காமல் கத்தும், ஒரு தரம் மணப்பாட்டில் கத்தி, கோயில் மணி தானாக அடித்து, ஊரே ஓடிவந்து… எமரன்சி சிரிக்க ஆரம்பித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"கதை போதும் வே" என்றான். "எங்க வச்சேன்?"

எமரன்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. எத்தனையோ பொய் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தும் ஒன்றுகூட வரவில்லை. உட்பக்கம் என்றேன். அவன் எழுந்து, மேஜையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே வந்து கையை நீட்டினான். கத்தரியைக் கொடுத்தேன். கட்டை விரலை அலகின் உட்பக்கத்தில் வைத்து அடியிலிருந்து மெதுவாக ஏற்றினான், நடுவில் விரல் நின்றது. கண்ணுக்கு வளையம் மாதிரிதான் தெரிஞ்சுது என்று சொன்னான், யாரிடம் என்றில்லாமல். எமரன்சி அவன் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லேஸைப் பார்த்தாள், நான் சொன்னது கதையில்லை என்று அப்போதுதான் அவளுக்கு ஏறியது, அவள் கை தானாக லேஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னும் கழுத்து இருந்தது. கழுத்தைக் கொறித்து வெட்ட முடியாது, வளைவில் படி படியாகத் தெரியும், எப்படித் தைத்தாலும் போகாது, ஒரே ஓட்டமாக, அலகின் அடியிலிருந்து நுனிவரை, நடுவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேண்டாம் மவளே, மடித்து எடுத்துக்கொண்டு போ, மதுரையில் ஆள் இருக்கிறார்கள் என்றேன். அவள் லேஸின் ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். எடுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சண்முகவேல் விரல் வைத்த இடத்தைத் தன் வேட்டி நுனியால் ஒரு தரம் துடைத்துவிட்டு, கத்தரியைத் திருப்பி என்னிடம் கொடுத்தான், "மாட்டலை வே, கைக்கு மாட்டலை" என்றான்.

வைத்தேன். அடி அலகு லேஸுக்குள் புகுந்தது. இனி நிற்கக் கூடாது, நின்றால் அந்த இடத்தில் நூல் யோசிக்க ஆரம்பித்துவிடும், நானும் யோசிக்கக் கூடாது, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், படகு இழுபடுகிற சத்தம் எழும்பியது, கண்ணிகள் ஒவ்வொன்றாக வந்து இரும்பின் முன்னால் நின்று விலகின, மீன் செதில், நுரை, ஒரு சாயங்காலம், இன்னொரு சாயங்காலம், பொட்டு இப்போது நூலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கண்ணுக்கு ஒரு கருப்புப் புள்ளி, அதில் வெள்ளைத் தூள், ஆண்டவரே, முருகா, யாராவது, என் விரலுக்குள் ஏதோ தட்டியது, தட்டியதா, தட்டின மாதிரி இருந்தது, ஒரு துளி, நூல் அந்தச் சின்னக் கையின் மேல் ஏறி இறங்கியது, கடிக்கவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது, சத்தம் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது, நுனிவரை போனது. கழுத்துத் துண்டு மேஜையில் பிறை மாதிரி தனியாக விழுந்தது. எமரன்சி குனிந்து விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தாள், ஒரு இடத்தில்கூட விரல் நிற்கவில்லை. அவள் அழுதாளா சிரித்தாளா, முகத்தை நான் பார்க்கவில்லை, நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, இந்த இரும்புக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், பயம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியாது. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலைத் தேடி நகர்ந்தேன், அப்போதுதான் சண்முகவேலின் மிஷினைப் பார்த்தேன். ஊசிக்கு அடியில் துணி இல்லை. பக்கத்துக் கூடையில் தைக்கக் கொடுத்த பாவாடைகள் நேற்று மடித்து வைத்தபடியே இருந்தன. பெல்ட் மாட்டியிருந்தது, சக்கரம் இருந்தது, காலையிலிருந்து இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்த மிஷின், ஒரு தையல்கூட விழாமல். துணி இல்லாம என்னத்தைத் தைச்சீரு வே என்று கேட்டேன். அவன் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி, பெடலில் காலை வைத்தான்.

"நீரு உரச வேண்டாமா?" என்றான்.

எமரன்சி வெட்டின துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் இழுப்பறையைத் திறந்து வெள்ளை நூல்கண்டைத் தேடினேன்.